பூஜையில் வைத்த சாவி

வடகரைக் குடியரசின் குடிமக்கள் அனைவருக்கும், அவர்தம் கால்நடைகளுக்கும், எல்லைக்கு அப்பால் நின்று ஒட்டுக்கேட்கும் எதிரிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆயுத பூஜைத் திருநாளாகிய இன்று, காலை பத்தரை மணிக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள், நம் குடியரசின் ஒரே அணு ஏவுகணைக்கும் அதைச் சார்ந்த சகல கருவிகளுக்கும் சந்தனம் சாத்தி, குங்குமப் பொட்டு வைத்து, மாலை அணிவித்து, நிரந்தரத் தலைவர், அணுச்செம்மல், மாண்புமிகு இராச. திருமேனிநாதன் அவர்கள் தம் திருக்கரத்தால் பூசணிக்காய் உடைப்பார்கள். அச்சமயம் வானம் மேகமின்றி இருக்குமாறு உத்தரவிடப்பட்டுள்ளது. சுண்டல் உண்டு.

ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசிக்கப்பட்ட இந்த அறிவிப்பில் மக்கள் காதில் விழுந்தது கடைசி இரண்டு சொற்கள் மட்டும். பத்து மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது.

குடியரசு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மேற்கே ஒரு சுங்கச்சாவடி, கிழக்கே மூடப்பட்ட சர்க்கரை ஆலை, நடுவில் நான்கு பஸ் டிப்போ, பதினேழு அமைச்சர்கள். கருமணியாற்றுக்கு இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு வரை இரண்டும் ஒரே மாவட்டம். ஆற்றில் தண்ணீர் இருந்தவரை தண்ணீருக்குச் சண்டை போட்டார்கள். வற்றிய பிறகு மணலுக்குச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அந்தப் பிராந்தியத்தில் இப்படிப் பிரிந்தவை மொத்தம் பதினொரு குடியரசுகள். பதினொன்றிடமும் அணுகுண்டு இருந்தது.

அது எப்படி என்றால், கரிமணலைத் தின்று அதிலுள்ள அணுப்பொருளைத் தனியே கக்கும் ஒரு நுண்ணுயிரை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்துத் தொலைத்தான். அதற்குமுன் அணுகுண்டு என்றால் பெரிய நாடுகளின் சமாச்சாரம். ஆயிரம் விஞ்ஞானிகள், ஐம்பது வருஷம், ரகசிய ஊர் என்று ஏகப்பட்ட தடபுடல். இப்போது ஒரு தொட்டி மணலும் ஒரு கிண்ணம் நுண்ணுயிரும் போதும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல் ஒரு குடியரசு இன்னொன்றிடம் வாங்கிக்கொண்டது. கொடுக்க மறுத்தால் நட்புக்கு அழகல்ல. வாங்காமல் இருந்தால் எதிரிக்கு இளக்காரம்.

எல்லாரிடமும் குண்டு வந்ததும் எல்லாருக்கும் தூக்கம் போயிற்று. அவன் முதலில் போட்டுவிட்டால்? நம்மைக் கொன்றவனைத் திருப்பிக் கொல்ல நாம் உயிரோடு இருக்க மாட்டோமே? இந்தத் தத்துவச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் 'இறையாண்மை உயிர்ப்புறுதிக் கருவி'. ஜனங்கள் அதை 'இருக்கேன் பெட்டி' என்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அதில் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். திருப்பினால், 'இருக்கேன்' என்று பொருள். திருப்பாவிட்டால், வடகரையில் அனைவரும் செத்துவிட்டார்கள் என்று பெட்டி முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் தென்கரைப் பஸ் நிலையத்தின் மீது ஏவுகணையை அனுப்பிவிடும்.

அந்தப் பெட்டியின் பொறியாளர் கோமளவல்லி. வயது நாற்பத்து நான்கு. சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில், பாய்லர் காவலாளி தூங்கிவிடாமல் இருக்க அவளும் அவள் கணவன் தணிகைவேலும் சேர்ந்து செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்று அது. காவலாளி சாவியைத் திருப்பாவிட்டால் பாய்லர் அணையும், அவ்வளவுதான். நாடு பிரிந்தபோது ஆளுக்கு ஒரு பெட்டியாக இரண்டு கரைக்கும் போயிற்று. அதே மாதம் அவர்களும் பிரிந்தார்கள். அவன் தென்கரையின் பெட்டிக்குப் பொறியாளனான். நாடுகளுக்கு நடுவில் மணல். இவர்களுக்கு நடுவில் தாமிரா. பதினான்கு வயது. பள்ளி நாட்களில் அம்மாவிடம், விடுமுறையில் எல்லை அனுமதிச் சீட்டோடு அப்பாவிடம். பூஜை விடுமுறைக்கு அங்கே போயிருந்தாள். தணிகைவேலின் வீடு தென்கரைப் பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி.

அன்று காலை ஒன்பது மணிக்குச் சாவியைத் திருப்பிவிட்டு, கோமளவல்லி அதைப் பூஜைத் தட்டில் வைத்தாள். அடுத்த கெடு பிற்பகல் மூன்று மணி. பன்னிரண்டுக்குப் பூஜை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். படித்தவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள்.

பூஜை நன்றாகவே நடந்தது. பழைய ஆலை அலுவலகத்தின் வாயிலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டைக் கட்டியிருந்தார்கள். "கயிறு கெடைக்கலம்மா, போன வருஷத்துக் கம்பியே இருந்துச்சு. கெட்டியான கம்பி, யானை இழுத்தாலும் அறாது" என்று வாயிற்காவலர் அவளிடம் பெருமையாகச் சொன்னார். ஏவுகணையை உள்ளே நிறுத்தியிருந்த ஆலைப் புகைபோக்கிக்கு ஆள் உயர மாலை. பெட்டிக்கு மூன்று பட்டை விபூதி. தலைவர் பூசணிக்காய் உடைத்தார். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் சடங்குத் துறை அமைச்சர் புண்ணியகோடியின் வேட்டி சிவந்தது. அனைவரும் கைதட்டினார்கள்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் கலைந்ததும் கோமளவல்லி தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, சாவிய எடுத்துக்கறேன்."

"எந்தச் சாவி?"

"பெட்டிச் சாவிங்க."

திருமேனிநாதன் புண்ணியகோடியைப் பார்த்தார். அவர் தம் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். "பூஜையில வச்சத எடுக்கறதா? நாளைக்கு விஜயதசமி. காலைல ஆறேகாலுக்கு மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, அப்புறந்தான் கை வைக்கணும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"மூணு மணிக்குத் திருப்பணுங்க."

"ஒரு நாள் திருப்பலன்னா என்ன? மெஷினுக்கும் இன்னிக்கு லீவுதான். என் கார் நிக்கல? எங்க வீட்டு மாவு மிஷின் நிக்கல?"

"உங்க வீட்டு மாவு மிஷின் நின்னா இட்லி கெடைக்காது, அவ்வளவுதான். இது நின்னா, நாம செத்துட்டோம்னு நெனச்சுக்கும்."

"நாமதான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோமே," என்றார் தலைவர். "தெரியாதா அதுக்கு?"

"தெரியாதுங்கய்யா. அதுக்குக் கண்ணு கெடையாது. சாவிதான் அதுக்கு நாம."

தலைவர் சற்று யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் கல்வெட்டில் பொறிக்கத் தக்கதாக இருக்கும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. "மாத்துச் சாவி இருக்குமே?"

"அதையும் வச்சாச்சு," என்றார் புண்ணியகோடி. "ஒண்ண வச்சு ஒண்ண விட்டா தோஷம்."

"அப்ப ஏவுகணைக்குப் போற கம்பிய அறுத்துடலாம். நாளைக்கு ஒட்டிக்கறது."

"கம்பி என் பொறுப்பில்லைங்க," என்றாள் கோமளவல்லி. "ஏவுகணைத் துறை."

ஏவுகணைத் துறை அமைச்சர் வீரபாகு வாயில் இருந்த சுண்டலை அவசரமாக விழுங்கினார். "கம்பியெல்லாம் நல்லா இருக்கு. மாசா மாசம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடறோம்."

"எங்க போகுதுன்னு காட்டுங்க, நானே அறுக்கறேன்."

"அது பூமிக்கடியில போகுது. வரைபடத்துலதான் இருக்கு."

"வரைபடம்?"

வீரபாகு பூஜைத் தட்டைப் பார்த்தார்.

"புகைபோக்கிக் கதவையாவது திறந்து விடுங்க."

"சாவிக்கொத்தோட வச்சுட்டேம்மா," என்றார் வீரபாகு. அவர் குரலில் முதன்முறையாக லேசான வருத்தம் தெரிந்தது. "பக்தியா செய்யணும்னு சொன்னாங்களே."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூஜைப் பொருளை மறுபூஜைக்கு முன் தொட்டால் சிறை என்று முதலில் சட்டம் போட்டது தென்கரைதான். ஐந்து வருஷம். மரபில் நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று வடகரை ஆறு ஆக்கியது. தென்கரை ஆறரை ஆக்கியது. வடகரை ஏழு. குண்டு போலவே பக்தியும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தது.

"சட்டத்த நீங்கதாங்க போட்டீங்க. ஒரு வரி மாத்தி எழுதினா போதும்," என்றாள் கோமளவல்லி.

"எழுதலாம்," என்றார் தலைவர். "சாயங்காலமே தென்கரை டி.வி.ல 'வடகரையான் சாமிக்குப் பயப்படாதவன்'னு போடுவான். அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிரந்தரமா இருக்கறது? மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

அவர்கள் சாப்பிடப் போனார்கள். கோமளவல்லி ஹாட்லைன் அறைக்குப் போனாள். எதிரியோடு பேசுவதற்காக வைத்த பச்சை நிறத் தொலைபேசி அது; மறுமுனை தென்கரைப் பொறியாளனின் வீட்டில். எதிரியோடு பேசுவது தேசத்துரோகம் என்பதால் ஒன்பது வருஷமாக யாரும் தொட்டதில்லை. தூசியைத் துடைத்துவிட்டு எடுத்தாள். நல்லவேளை, அதைப் பூஜையில் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"யாரு?" என்றது தணிகைவேலின் குரல்.

"நான்தான்."

"அடேங்கப்பா! நீயா போன் பண்ற? யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகல. மூணு மணிக்குத்தான். தாமிராவக் கூட்டிக்கிட்டு ஊர விட்டுக் கெளம்பு. மேற்க எவ்ளோ தூரம் முடியுமோ போ."

மறுமுனையில் அவன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு அல்ல.

"உங்க சாவியும் பூஜையிலயா?"

"உங்க சாவியும்னா?"

"எங்காளு உங்காளவிட முட்டாளா இருக்கக் கூடாதுன்னு எதாவது இருக்கா? இங்க எட்டு வருஷம். உங்க ஏழு வந்த மறுநாளே எட்டாக்கிட்டான். எங்களுக்கும் கெடு மூணு மணிதான். ரெண்டு பெட்டியையும் ஒண்ணாத்தானே ஓட விட்டோம், மறந்துட்டியா?"

"அப்ப நீ போய் எடு."

"நீ எடு மொதல்ல."

"ஏன், நீ எடுத்தா என்ன?"

"நான் எடுத்து, நீ எடுக்கலன்னா எங்க தலையில விழும்."

"நான் எடுத்து, நீ எடுக்கலன்னா?"

"அதத்தான் சொல்றேன். நீ மொதல்ல."

"விவாகரத்துப் பத்திரத்துலயும் இதத்தான் சொன்ன. நீ மொதல்ல கையெழுத்துப் போடுன்னு."

"போட்டியா இல்லியா? நல்லாத்தானே இருக்க."

"வாய மூடு தணிகை. பொண்ணு அங்க இருக்கா."

அவன் வாயை மூடினான். அந்த இடைவெளியில் தூரத்தில் ஒரு குரல், "அம்மாவா? குடுங்கப்பா" என்றது. பிறகு மிக அருகில்: "அம்மா! நாளைக்கு நாலு மணி பஸ்ல வந்துடறேன். என் கெமிஸ்ட்ரி புக்கப் பூஜையில வச்சுட்டேன். நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதாம். ஜாலி!"

"சரி கண்ணு," என்றாள் கோமளவல்லி. "சுண்டல் ரொம்பத் தின்னாத. அப்பாகிட்டக் குடு."

தணிகைவேல் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இங்க பாரு. இதுக்கு ஒரு வழி இருக்கு. சாமியாடு."

"என்னது?"

"நான் அதத்தான் செய்யப் போறேன். ரெண்டு குதி, ஒரு கூச்சல். 'என் சாவிய எவன்டா மறைச்சு வச்சது'ன்னு கேட்டா எல்லாப் பயலும் கால்ல விழுவான். மனுஷன் தொட்டாத்தான் எட்டு வருஷம். சாமி தொட்டா தோஷமில்ல."

"எனக்கு அது வராது."

"வராதுன்னு இல்ல. கௌரவம். எல்லாருக்கும் புரிய வைக்கணும் உனக்கு. பாய்லர் காவலாளிக்கே பெட்டி எப்படி வேல செய்யுதுன்னு கிளாஸ் எடுத்தவதானே நீ."

"அவனுக்குப் புரிஞ்சுது."

"இவனுங்களுக்குப் புரியாது. நான் ரெண்டு அம்பத்தொம்பதுக்கு ஆடறேன். நீ என்னமோ பண்ணு."

வைத்துவிட்டான்.

இரண்டு நாற்பதுக்குத் தலைவரும் அமைச்சர்களும் ஏப்பத்தோடு பூஜைக் கூடத்துக்குத் திரும்பினார்கள். கோமளவல்லி கடைசியாக ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பஸ் நிலையத்தில் பூஜை விடுமுறைக் கூட்டம் என்றாள். சுற்றிலும் அறுபதாயிரம் பேர் என்றாள்.

"எல்லாம் தென்கரைக்காரங்கதானே," என்றார் வீரபாகு.

"அங்கேருந்தும் இங்க வரும். அவங்க சாவியும் பூஜையிலதான் இருக்கு."

புண்ணியகோடி மெல்ல எழுந்தார். "அவங்க சாவி எங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இதற்குப் பதில் சொல்வதில் பயனில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தாறு. கோமளவல்லி செருப்பைக் கழற்றினாள். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. கோலத்தைத் தாண்டிப் போய், மாலையை விலக்கி, எலுமிச்சம்பழத்தை நகர்த்தி, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"தொடாதே!" என்று பதினேழு அமைச்சர்களும் கத்தினார்கள். "பிடிங்கடா அவள!" என்றார் தலைவர். வாசலில் நின்ற நான்கு காவலர்களும் பாய்ந்து வந்தார்கள். கோலத்தின் விளிம்பில் அப்படியே நின்றார்கள். காலில் பூட்ஸ். பூஜைக் கூடத்துக்குள் எப்படிப் போவது? நால்வரும் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். வடகரைக் காவல்துறையின் பூட்ஸுக்குப் பதினான்கு துளை. எதிரியின் பூட்ஸுக்குப் பன்னிரண்டுதான் என்பதால் செய்த ஏற்பாடு.

முதல் காவலர் ஒரு காலைக் கழற்றியபோது கோமளவல்லி சாவியைப் பெட்டியில் போட்டாள். சந்தனத்தால் பாதியில் மாட்டியது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி போட்டாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்குத் திருப்பினாள். பெட்டி 'டக்' என்றது. தோஷம் தன் கணக்கில் ஏறிவிட்டது, ஒன்பது மணிக்கு யார் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளட்டும் என்று சாவியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, அவளாகவே வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, காவலர்கள் மறுபடி கயிறு கட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

தென்கரையில் இரண்டு ஐம்பத்தொன்பதுக்குத் தணிகைவேல் சாமியாடினான். பிரமாதமாக ஆடினான் என்று கேள்வி. அந்தத் தலைவர் அவன் காலில் விழுந்து, தம் ஆயுள் எத்தனை வருஷம் என்று கேட்டாராம். நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு, சாவியைத் திருப்பிவிட்டுத்தான் மலையேறினான். இப்போது அவனுக்கு 'அருள்வாக்குப் பொறியாளர்' என்று பட்டம், சிவப்புச் சால்வை, வாசலில் குறி கேட்க வரிசை.

கோமளவல்லி மீது மூன்று குற்றச்சாட்டுகள். பூஜைப் பொருளைத் தொட்டது. எதிரியோடு பேசியது. அமைச்சரவைக்குக் குறுக்கே பேசியது. விசாரணை ஐப்பசியில் வந்தது. அவள் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். நீதிபதிக்கு ஓரளவு புரிந்தது.

"அந்த நேரத்துல ஏவுகணை நெஜமாவே கெளம்பியிருக்கும்னா," என்றார் அவர், "அம்மா செஞ்சது உயிர் காக்கற காரியம். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு, விடுதலையே பண்ணலாம். ஆனா கெளம்பியிருக்குமான்னு தெரியணுமே."

மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். புகைபோக்கிக் கதவைத் திறந்து, பூமியைத் தோண்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்து, நான்காம் நாள் முத்திரையிட்ட உறையில் அறிக்கை கொடுத்தார்கள்.

தீர்ப்பு நாளன்று தாமிரா எல்லைச் சீட்டோடு வந்திருந்தாள். கூண்டின் பக்கத்தில் வந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் சாமியாடியிருக்கலாம்லம்மா? அப்பா ஆடி வீட்டுக்கு வந்துட்டாரு."

"உங்கப்பாவுக்கு அது எப்பவும் நல்லா வரும்."

"உனக்கு ஒரே ஒரு நிமிஷம் நடிக்க முடியலியா? எனக்காகக் கூடவா?"

கோமளவல்லியிடம் அதற்கு விளக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லாமல் விட்டாள். நெற்றியில் விழுந்திருந்த பெண்ணின் முடியைக் கம்பி வழியாக ஒதுக்கிவிட்டாள். அதற்குள் நீதிபதி வந்துவிட்டார்.

அவர் உறையைப் பிரித்தார். படித்தார். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். வீரபாகுவை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு அறிக்கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தீர்ப்பை வாசித்தார். "ஆபத்து எதுவும் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஏழு வருஷம். தாய், மகள் இருவரின் எல்லை அனுமதிச் சீட்டும் இன்றோடு ரத்து."

தாமிராவை நாலு மணி பஸ்ஸில் தென்கரைக்கு ஏற்றிவிட்டார்கள்.

அறிக்கை அதிமுக்கிய அரசு ரகசியமாக அறிவிக்கப்பட்டு, இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. முன்னுரையும் முடிவுரையும் நீங்கலாக அதில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

இருக்கேன் பெட்டியிலிருந்து ஏவுகணைக்குப் போகும் கம்பியை, போன வருஷ ஆயுத பூஜையன்றே வாழைமரம் கட்டுவதற்காக வெட்டி எடுத்திருந்தார்கள்.